கறுப்புத் திரையில் நிற்கும் லினக்ஸ்: எந்த டிரைவரை எங்கே நிறுத்துவது?

கேள்வி பாலக்கோட்டிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்தும் ஒரு தம்பி, பெங்களூரில் கம்பெனிகள் கழித்துவிட்ட இரண்டு பழைய லேப்டாப்களை ஓசூரில் வாங்கி வந்து இரண்டிலும் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறார். முதல் மெஷினில் இன்டெல் கிராபிக்ஸோடு என்விடியா சிப்பும் உண்டு. பென் டிரைவிலிருந்து ஓட்டியபோது சாதாரணமாக வரவில்லை, 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்ததும் வந்தது. அந்தத் தைரியத்தில் டிஸ்கில் நிறுவிவிட்டார். இப்போது லோகோ தெரிகிறது, அப்புறம் திரை கறுத்துவிடுகிறது. இரண்டாவது மெஷின் தொடங்கும்போது 'பிசிஐஇ பஸ் எரர்' என்று ஒரே வரி ஓயாமல் ஓடுகிறது. விற்றவர் "ஓஎஸ்ஸை மாத்திப் போடுங்க" என்றாராம். தொடக்கத்திலேயே தகராறு செய்யும் டிரைவரை நிறுத்திவைக்க வழி உண்டா, இல்லை விண்டோஸுக்கே போய்விடுவதா என்று கேட்கிறார்.

வழி உண்டு, தம்பி. உங்கள் முதல் மெஷினுக்கான பாதி விடை நீங்கள் எழுதிய கேள்வியிலேயே இருக்கிறது. கம்பாட்டிபிலிட்டி மோடில் வந்தது என்றால் ராம், டிஸ்க், மதர்போர்டு எல்லாம் பெரும்பாலும் சரி. அந்த மோட் செய்கிற முக்கியமான வேலை, லினக்ஸின் மையமான கர்னலுக்கு 'நோமோட்செட்' என்ற ஒரு சொல்லைக் கொடுப்பது. "கிராபிக்ஸ் டிரைவர்கள் திரையைக் கையில் எடுக்க வேண்டாம், பயாஸ் அமைத்துக் கொடுத்த சாதாரணத் திரையையே வைத்துக்கொள்" என்று அர்த்தம். டிஸ்கில் நிறுவியபோது அந்தச் சொல் கூட வரவில்லை. அதனால் டிரைவர் வழக்கம்போல எழுந்து திரையைப் பிடுங்கியது, விழுந்தது. ஆக, சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர் மேல். அதிலும் இன்டெல் டிரைவரைவிட என்விடியாவுக்கான 'நூவோ' மேல்தான் என் கண் போகிறது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் டைப் செய்யுங்கள். நூவோவை மட்டும் பலரும் தப்பாக அடிப்பார்கள், அதனால் எழுத்துக் கூட்டிச் சொல்லிவிடுகிறேன்: என், ஓ, யூ, வி, இ, ஏ, யூ.

ஒரு டிரைவர் எப்படி உள்ளே வருகிறது என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில் மறிப்பது என்று தெரியும். பயாஸ் முதலில் 'கிரப்' என்ற தொடக்க நிரலை எழுப்பும். கிரப், கர்னலையும் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சிறு பொட்டலத்தையும் நினைவகத்தில் ஏற்றும். அந்தப் பொட்டலத்துக்குள் ஒரு குட்டி லினக்ஸும் ஆரம்பத்தில் தேவைப்படக்கூடிய டிரைவர்களும் இருக்கும். கர்னல் ஒவ்வொரு கருவியையும் கண்டுபிடித்து அதன் அடையாள எண்ணை அறிவிக்கும். 'யூடெவ்' என்ற நிரல் அதைக் கேட்டு, அந்த எண்ணுக்கு எந்த டிரைவர் என்று 'மாட்ப்ரோப்' மூலம் பார்த்து ஏற்றும். உங்கள் டிஸ்கின் உண்மையான ஃபைல்கள் திறக்கப்படுவதற்கு முன்பே இதில் பாதி நடந்து முடிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும். டிரைவர் கர்னலுக்குள்ளேயே ஓடுவதால், ஒன்று சிக்கினால் அதோடு போகாது. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்றால் பின்னால் வருகிற எல்லா வண்டியும் நிற்கிற கதைதான்.

திரை கறுத்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். முதலில் கேப்ஸ் லாக்கை ஒரு தட்டுத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் போயிருக்கிறது. விளக்கு தானாகவே மினுக்கிக்கொண்டே இருந்தால் கர்னல் பேனிக், அதாவது கர்னலே கையை விரித்துவிட்டது. அசைவே இல்லையென்றால் உறைந்துவிட்டது. உயிரோடு இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சில சமயம் எழுத்துத் திரை கிடைத்துவிடும், அங்கேயே லாகின் செய்து வேலையைப் பார்க்கலாம்.

அதுவும் கிடைக்கவில்லையென்றால் ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்தபடி எஸ், யு, பி என்று ஒவ்வொன்றாக, இரண்டு விநாடி விட்டு விட்டு அழுத்துங்கள். எஸ் நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதும், யு டிஸ்கைப் படிக்க மட்டும் என்று மாற்றும், பி மறுதொடக்கம் செய்யும். சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டியிருக்கும். இதை வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. லினக்ஸின் பதிவேடு சாதாரணச் செய்திகளை உடனுக்குடன் டிஸ்கில் எழுதாது, 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் கட்டாயமாக எழுதும். பவரைப் பிடுங்கினால் நமக்கு வேண்டிய கடைசி வரிகள்தான் முதலில் தொலையும்.

அடுத்து கிரப் மெனு. மெஷினில் ஒரே ஓஎஸ் இருந்தால் மின்ட் இதைக் காட்டாமல் தாண்டிப் போகும். யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வகை) மெஷின் என்றால் கம்பெனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப்பை ஒரு தட்டு. பழைய பயாஸ் முறை என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்கேப்பை அவசரப்பட்டு நாலைந்து தடவை தட்டினால் மெனுவைத் தாண்டி 'கிரப்>' என்று வெறும் கட்டளை வரியில் போய் நிற்கும். பயப்பட வேண்டாம், 'நார்மல்' என்று டைப் செய்து என்டர் கொடுத்தால் மெனு திரும்பி வரும்.

மெனுவில் முதல் வரியில் நின்றுகொண்டு 'இ' விசையை அழுத்துங்கள். பத்துப் பதினைந்து வரி கொண்ட ஒரு திரை திறக்கும். அதில் 'லினக்ஸ்' என்று ஆரம்பிக்கும் நீளமான வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் 'குவைட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். முதல் வேலையாக அந்த இரண்டு சொல்லையும் அழியுங்கள். லோகோவைக் காட்டி உள்ளே நடப்பதை மறைப்பவை அவைதான். அழித்த இடத்தில் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று எழுதுங்கள், 'நோ', 'மோட்', 'செட்' மூன்றும் ஒட்டி இருக்க வேண்டும். எஃப்10 அல்லது கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் மெஷின் தொடங்கும்.

இங்கே செய்யும் மாற்றம் இந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும்தான். டிஸ்கில் எதுவும் எழுதப்படாது. தப்பாகப் போனால் ஆஃப் செய்து ஆன் செய்தால் பழையபடி இருக்கும். அதனால்தான் எந்த டிரைவரை நிறுத்துவதானாலும் முதலில் இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். நெட்டில் தேடினால் எடுத்த எடுப்பிலேயே நிரந்தரமாக எழுதச் சொல்லும் குறிப்புகள்தான் நிறையக் கிடைக்கும்.

மெஷின் வந்துவிட்டால், நிறையப் பேர் நோமோட்செட்டை நிரந்தரமாகப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுவார்கள். அப்படி விடாதீர்கள். நோமோட்செட் ஒரு டிரைவரை மட்டும் நிறுத்துவதில்லை, நன்றாக வேலை செய்யும் இன்டெல் டிரைவரையும் சேர்த்து உட்காரவைத்துவிடும். விளைவு: திரையின் அளவை மாற்ற முடியாது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் பெரும்பாலும் வேலை செய்யாது, புரொஜெக்டர் வராது, தூங்கவைத்தால் எழாது, வீடியோ முழுவதையும் பிராசஸரே வரைந்து தள்ளுவதால் மெஷின் சூடாகும். பயிற்சி மையத்தில் புரொஜெக்டர் இல்லாமல் எப்படி ஓட்டுவது? உள்ளே போய் ஆளைக் கண்டுபிடிக்க மட்டும்தான் நோமோட்செட்.

உள்ளே வந்ததும் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று அடியுங்கள். ஒவ்வொரு கருவியும், அதன் அடையாள எண்ணும், அதன் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவரும், 'கர்னல் மாட்யூல்ஸ்' என்று ஓட்டத் தகுதியுள்ள டிரைவர்களும் வரும். என்விடியா இருக்கும் இடத்தில் மாட்யூல்ஸ் வரியில் 'என்விடியாஎஃப்பி, நூவோ' என்று இரண்டு பெயர் பார்ப்பீர்கள். முதலாவதை, மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு குடும்பமே ஏற்கெனவே தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது, அதை விடுங்கள். அடுத்து 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1'. இது முந்தைய தொடக்கத்தில், அதாவது கறுத்துப்போன அந்தத் தடவை, கர்னல் என்ன சொன்னது என்று காட்டும். கடைசிப் பக்கத்துக்குப் போய் சிவப்பு வரிகளைப் பாருங்கள். நூவோ என்ற பெயரோடு 'ஃபெயில்டு', 'டைம்அவுட்' என்று வரிகள் இருந்தாலோ, 'சாஃப்ட் லாக்கப், சிபியு ஸ்டக்' என்ற வரிக்குக் கீழே வரும் பட்டியலில் நூவோ திரும்பத் திரும்ப வந்தாலோ அதுதான் ஆள். ஒரு எச்சரிக்கை: கடைசியாக அச்சான வரியில் இருக்கும் டிரைவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். அது தன் வேலையை முடித்துச் செய்தி சொல்லிவிட்டது. மாட்டிக்கொண்டவன் அதற்கு அடுத்தவனாக இருக்கலாம், அவன் வாயே திறந்திருக்க மாட்டான்.

நூவோ மோசமான டிரைவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. என்விடியா தன் சிப்களின் ஆவணங்களைத் தராத காலத்தில், வெளியிலிருந்து சிப்பின் நடத்தையைக் கவனித்துக் கவனித்து எழுதப்பட்டது அது. 2010-இல் வந்த 2.6.33 கர்னலில் முறையாகச் சேர்ந்தது. பிறகு 2014 வாக்கில் வந்த சிப்களிலிருந்து, கம்பெனி கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் சிப்பை முழு வேகத்தில் ஓட்டவே முடியாது என்று ஆனது. 2022 மே மாதம்தான் என்விடியா தன் கர்னல் மாட்யூல்களைத் திறந்த மூலமாக வெளியிட்டது, அதுவும் 'டியூரிங்' என்ற சிப் தலைமுறையிலிருந்து வந்தவற்றுக்கு மட்டும். ஓசூரில் நமக்குக் கிடைக்கிற கழித்துவிட்ட ஆபீஸ் லேப்டாப்கள் பலவும் அதற்கு முந்தைய தலைமுறை. சில மாடல்களில் நூவோ பிரமாதமாக ஓடும், சிலவற்றில் சிப்பின் மின்சாரத்தை எழுப்பும் இடத்திலேயே முட்டிக்கொள்ளும்.

சரி, இப்போது ஆளைத் தனியாகப் பிடிப்போம். மறுபடி கிரப், மறுபடி 'இ'. இந்தத் தடவை நோமோட்செட் வேண்டாம். லினக்ஸ் வரியின் கடைசியில் 'மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்=நூவோ' என்று எழுதுங்கள். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி கூடாது. இரண்டு டிரைவரை நிறுத்த வேண்டுமென்றால் நடுவில் கமா, அங்கேயும் இடைவெளி கூடாது. எஃப்10.

மெஷின் முழுத் தெளிவோடு திறந்தால் சோதனை முடிந்தது. இன்டெல் டிரைவர் திரையை ஓட்டுகிறது, என்விடியா சிப் சும்மா கிடக்கிறது. திறக்கவில்லையென்றால் எழுத்துப்பிழையைச் சந்தேகியுங்கள். கர்னல் தனக்குத் தெரியாத சொல்லைக் கண்டால் தொடக்கத்தை நிறுத்தாது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நோமோட்செட்டோடு உள்ளே வந்து அதே ஜர்னல்சிடிஎல் கட்டளையை மறுபடி ஓட்டி முந்தைய பதிவைப் பார்த்தால் முதல் சில வரிகளிலேயே 'கமாண்ட் லைன்' என்று நீங்கள் கொடுத்தது அப்படியே இருக்கும். இப்போது ஓடும் தொடக்கத்துக்கு என்றால் 'கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்'. ஏறியிருக்கும் டிரைவர்களைக் காட்டும் 'எல்எஸ்மாட்' பட்டியலில் நூவோ இருக்கிறதா இல்லையா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி நிரந்தரம். கிரப்பிலேயே நிரந்தரமாக எழுதலாம், ஆனால் டிரைவரை நிறுத்துவதற்கு எனக்குப் பிடித்தது தனி ஃபைல்தான். /இடிசி/மாட்ப்ரோப்.டி என்ற ஃபோல்டருக்குள் உங்கள் சொந்தப் பெயரில் ஒரு ஃபைல் உருவாக்குங்கள், 'சூடோ' (நிர்வாகி அதிகாரம்) தேவைப்படும். பெயர் எதுவாக இருந்தாலும் கடைசியில் புள்ளியும் 'கான்ஃப்' என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும், நான்கே எழுத்து: சி, ஓ, என், எஃப். அது இல்லாத ஃபைலை மாட்ப்ரோப் திரும்பிக்கூடப் பார்க்காது. உள்ளே ஒரே வரி: 'பிளாக்லிஸ்ட் நூவோ'. அதற்கு மேல் ஹாஷ் குறி போட்டு இன்ன தேதியில் இன்ன காரணத்துக்காக நிறுத்தினேன் என்று எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து இந்த மெஷினைத் திறக்கப்போவது உங்கள் மையத்தில் இருக்கும் வேறொரு பையனாக இருக்கலாம்.

அந்த ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களையும் திறந்து படியுங்கள், சுவாரசியமாக இருக்கும். மதர்போர்டில் 'பீப்' என்று கத்தும் ஸ்பீக்கரின் டிரைவர், 'பி43' என்ற புதிய டிரைவர் வந்த பிறகு வேலையில்லாமல் போன பழைய பிராட்காம் டிரைவர் என்று உபுண்டுக்காரர்களே பலதை நிறுத்திவைத்திருப்பார்கள். ஏன் என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கும். டிரைவரை நிறுத்துவது ஏதோ குறுக்கு வழி இல்லை, ஓஎஸ் உருவாக்குகிறவர்களே அன்றாடம் செய்கிற வேலை என்பது அங்கே தெரியும்.

ஃபைலைச் சேமித்ததும் வேலை முடிந்துவிடவில்லை. முன்பு சொன்ன பொட்டலம் நினைவிருக்கிறதா? அது ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டது. இன்று நீங்கள் எழுதிய ஃபைல் அதற்குள் இல்லை. நூவோ அந்தப் பொட்டலத்திலிருந்தே ஏறிவிட்டால் டிஸ்கில் நீங்கள் எழுதியதற்கு மரியாதை இல்லை. "பிளாக்லிஸ்ட் போட்டேன், கேட்கவே மாட்டேங்குது" என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' என்று அடித்து, அது முடியும்வரை காத்திருங்கள். இரண்டாம் கை லேப்டாப்பில் பேட்டரி பேருக்குத்தான் இருக்கும். பாலக்கோட்டில் கரன்ட் போகிற நேரம் உங்களுக்கே தெரியும், யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு இதைச் செய்யுங்கள். நடுவில் நின்றால் பொட்டலம் அரைகுறையாகலாம். அப்படியே ஆனாலும் ஒரு பிடி இருக்கிறது: இந்தக் கட்டளை கடைசியாக வந்த கர்னலின் பொட்டலத்தை மட்டுமே புதுப்பிக்கும். கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கர்னல் இருந்தால், அது தொடப்படாமல் காத்திருக்கும்.

பிளாக்லிஸ்ட் என்ற சொல்லுக்கு நாம் நினைக்கிற அளவு அதிகாரம் கிடையாது. கருவியைக் கண்டதும் தானாக ஏற்றுவதை மட்டும்தான் அது தடுக்கும். வேறொரு டிரைவர் "எனக்கு இது வேண்டும்" என்று கேட்டால் ஏறும், யாராவது கையால் ஏற்றினாலும் ஏறும். நூவோவுக்குப் பொதுவாக இது போதும். போதவில்லையென்றால் அதே ஃபைலில் 'இன்ஸ்டால் நூவோ /பின்/ஃபால்ஸ்' என்று இரண்டாவது வரி சேர்த்து, பொட்டலத்தை மறுபடி புதுப்பியுங்கள். யார் ஏற்றச் சொன்னாலும் மாட்ப்ரோப் அந்தப் பொய்க் கட்டளையை ஓட்டிவிட்டு "முடியவில்லை" என்று திரும்பிவிடும். இதைவிடக் கடுமையானது, கிரப் வரியில் 'மாட்யூல்_பிளாக்லிஸ்ட்=நூவோ'. இது மாட்ப்ரோப்பிடம் போவதே இல்லை, கர்னலே வாசலில் மறுத்துவிடும். பிடிவாதமான டிரைவருக்கு மட்டும் இது.

கர்னலோடு சேர்த்தே கட்டப்பட்ட டிரைவர்களும் உண்டு. எல்எஸ்மாட் பட்டியலிலேயே அவை வராது, மேலே சொன்ன எதற்கும் மசியாது. அவற்றின் தொடக்கச் செயற்கூறின் பெயரைக் கண்டுபிடித்து 'இனிட்கால்_பிளாக்லிஸ்ட்' என்ற வழியில் நிறுத்த வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படாது.

நூவோவை நிறுத்தினால் இழப்பு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சில லேப்டாப்களில் ஹெச்டிஎம்ஐ துளை என்விடியா சிப்போடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் புரொஜெக்டர் வராது. விஜிஏ துளை இருந்தால் அதையும் முயன்று பாருங்கள், அது இன்டெல் பக்கம் இருக்க வாய்ப்பு உண்டு. இன்னொன்று, டிரைவர் இல்லாத சிப் தூங்கும் என்று நினைப்போம், நேர்மாறு. அதைத் தூங்கவைக்க ஆளில்லாமல் சில மாடல்களில் மின்சாரத்தைத் தின்றுகொண்டே இருக்கும், அடிப்பக்கம் சூடாகும். பயாஸுக்குள் போய் 'ஸ்விட்சபிள் கிராபிக்ஸ்' அல்லது 'ஆப்டிமஸ்' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். என்விடியாவை அங்கேயே அணைக்க முடிந்தால் இத்தனை பாடும் தேவையில்லை, அதைவிடச் சுத்தமான வழி வேறில்லை.

புரொஜெக்டர் அவசியம் என்றால் மின்ட்டின் 'டிரைவர் மேனேஜர்' திறந்து என்விடியாவின் சொந்த டிரைவரை நிறுவிப் பாருங்கள், அது நிறுவும்போது தானாகவே நூவோவை நிறுத்திவிடும். இரண்டு விஷயம் கவனம். மிகப் பழைய சிப்களை என்விடியாவின் புதிய டிரைவர் வரிசைகள் கைவிட்டுவிட்டன, மேனேஜர் எதையும் பரிந்துரைக்கவில்லையென்றால் வற்புறுத்தி நிறுவாதீர்கள். செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் கையெழுத்தில்லாத டிரைவரைக் கர்னல் ஏற்காது. நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், மறுதொடக்கத்தில் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' என்று வரும்போது அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையை யோசிக்காமல் தாண்டிவிட்டு, டிரைவர் வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது மெஷினில் எதையும் பிளாக்லிஸ்ட் செய்யாதீர்கள். 'பிசிஐஇ பஸ் எரர்' வரியில் 'கரெக்டட்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பிழை நடந்தது, வன்பொருளே அதைத் திருத்திவிட்டது, தகவல் எதுவும் கெடவில்லை. தொல்லை என்னவென்றால் ஒவ்வொரு தடவையும் அதைப் பதிவேட்டில் எழுதி எழுதியே தொடக்கம் மந்தமாகும், /வார்/லாக் ஃபோல்டர் வீங்கி டிஸ்க் நிரம்பிவிடும். அந்த வரியில் இருக்கும் எண்ணை 'எல்எஸ்பிசிஐ -டி' காட்டும் மரத்தில் தேடினால் எந்தத் துளை, அதில் என்ன மாட்டியிருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் வைஃபை கார்டாக இருக்கும். மெஷினை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, அந்தக் கார்டை எடுத்துத் துடைத்து மறுபடி அழுத்தி மாட்டுங்கள். பழைய லேப்டாப்பில் காசில்லாத வைத்தியம் முதலில். அடங்கவில்லையென்றால் கிரப்பின் லினக்ஸ் வரியில் 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' போட்டுப் பாருங்கள். கர்னல் அந்த இணைப்புகளின் மின்சேமிப்பில் கை வைக்காது, அதனால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாம். அதற்கும் அடங்கவில்லை, ஆனால் வைஃபை ஒழுங்காக ஓடுகிறது என்றால் 'பிசிஐ=நோஏஇஆர்'. இது பிழையைச் சரிசெய்யாது, புகார் எழுதுவதை நிறுத்தும், அவ்வளவுதான்.

இந்த இரண்டும் டிரைவர் பெயர்கள் இல்லை என்பதால் மாட்ப்ரோப் ஃபைலில் எழுத முடியாது. /இடிசி/டிஃபால்ட்/கிரப் என்ற ஃபைலைத் திறந்து, 'குவைட் ஸ்பிளாஷ்' என்று மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரியில் அவற்றுக்குப் பக்கத்தில் சேர்த்து, 'சூடோ அப்டேட்-கிரப்' ஓட்ட வேண்டும்.

டிரைவரை மொத்தமாக நிறுத்துவதற்கு முன் அதன் ஒரு வசதியை மட்டும் நிறுத்திப் பார்ப்பது பல இடங்களில் போதுமானது. 'மாட்இன்ஃபோ -பி' என்று எழுதி டிரைவர் பெயரைக் கொடுத்தால் திருகக்கூடிய திருகுகளின் பட்டியல் வரும். இன்டெல் திரை அவ்வப்போது நடுங்கினால் 'ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0'. இன்டெல் வைஃபை அடிக்கடி அறுந்தால் மாட்ப்ரோப் ஃபைலில் 'ஆப்ஷன்ஸ் ஐடபிள்யூஎல்வைஃபை 11என்_டிஸேபிள்=1'. வேகம் 54 எம்பிபிஎஸ் தாண்டாது, ஆனால் விண்ணப்பம் நிரப்பும் மெஷினுக்கு அது தாராளம். டிரைவரையே பிளாக்லிஸ்ட் செய்திருந்தால் வைஃபையே இருந்திருக்காது. பிராட்காம் கார்டு கதை வேறு: ஒரே கார்டுக்கு இரண்டு மூன்று டிரைவர்கள் போட்டி போடும். கம்பெனியின் 'டபிள்யூஎல்' வேண்டுமென்றால் 'பி43', 'எஸ்எஸ்பி', 'பிசிஎம்ஏ' மூன்றும் ஒதுங்க வேண்டும். டிரைவர் மேனேஜர் வழியாக நிறுவினால் அதுவே ஒதுக்கிவிடும். நெட் இல்லாமல் எப்படி நிறுவுவது என்று கேட்காதீர்கள், ஃபோனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டால் தனியாக எதுவும் நிறுவாமலே லினக்ஸ் எடுத்துக்கொள்ளும்.

புத்தம் புது லேப்டாப்போடு வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு, பர்கூர் பக்கம் அப்படி நிறையப் பேர், நான் இந்த வைத்தியத்தையே சொல்வதில்லை. அவர்கள் மெஷினில் டிரைவர் கெட்டது இல்லை, கர்னல் பழசு. சிப் வந்த பிறகு வெளியான கர்னலைப் போட்டால் பாதிப் பிரச்சினை தானாகப் போய்விடும். உபுண்டுவில் 'ஹெச்டபிள்யூஇ' கர்னல் அதற்காகத்தான் இருக்கிறது. எதிர்முனையில், 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்கள் இன்னும் அரூர், பென்னாகரம் பக்கத்து வீடுகளில் கிடக்கின்றன. பலவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. பாஸ் டெபியன் குடும்பம்தான், மேலே சொன்ன கட்டளைகள் அதிலும் அப்படியே செல்லும். ஃபெடோரா போட்டிருப்பவர்கள் மட்டும் பொட்டலத்தைப் புதுப்பிக்க 'ட்ராகட் -எஃப்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே கிரப் வரியில் எழுதினால் 'ஆர்டி.டிரைவர்.பிளாக்லிஸ்ட்' என்பதையும் சேர்ப்பது நல்லது.

சில டிரைவர்கள் பக்கமே போகாதீர்கள். டிஸ்கை ஓட்டும் 'ஏஹெச்சிஐ', 'என்விஎம்இ', ஃபைல் அமைப்பான 'எக்ஸ்ட்4', கீபோர்டுக்கான 'யூஎஸ்பிஹிட்'. உங்கள் முதல் மெஷினில் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரான 'ஐ915'-உம் இந்தப் பட்டியலில் சேரும், திரை மிஞ்சியிருப்பது அதை நம்பித்தான். தவறிப்போய் எதையாவது எழுதி மெஷின் எழவே இல்லையென்றால், பழைய கர்னலில் நுழைந்து உங்கள் ஃபைலை நீக்கி பொட்டலத்தைப் புதுப்பியுங்கள். அதுவும் எழவில்லையென்றால் நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவில் தொடங்கி, டிஸ்கை மவுன்ட் செய்து, 'சிஹெச்ரூட்' வழியாக உள்ளே போய் அதே இரண்டு வேலை. ஃபைலை மட்டும் நீக்கிவிட்டு வந்தால் பொட்டலத்துக்குள் பழைய தடை அப்படியே இருக்கும், அதனால் இரண்டும் தேவை.

முதல் மெஷினில் நூவோவை நிறுத்தியும் கறுப்புத்தான் என்றால், நோமோட்செட்டோடு உள்ளே போய் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' தருவதையும், 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' தருவதையும் இரண்டு ஃபைலாகச் சேமித்து அனுப்புங்கள். ஃபோட்டோ வேண்டாம், எழுத்தாகவே அனுப்புங்கள், தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.